ஹெட்டைக் கழற்றும் முன்: பழைய காரில் ஹெட் கேஸ்கட் கசிவைக் கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

வண்டி ஹீட் ஆகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்று சொன்னதுமே, "கேஸ்கட் போயிருச்சு, ஹெட்டை இறக்கிடலாம்" என்ற பதில் வந்துவிடும். ஹெட் என்பது இன்ஜினின் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் பகுதி. அதற்கும் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவே வைக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். என்னுடைய 1998 மாடல் மாருதி 800-க்கும் அப்படித்தான் நடந்தது. ஒரு பட்டறையில் ஹெட்டைக் கழற்றி, பரப்பைச் சமமாக்க லேத்துக்கு அனுப்பி, புது கேஸ்கட் போட்டுக் கொடுத்தார்கள். நான்காம் நாள் சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் முள் மறுபடியும் சிவப்புக்கு ஏறியது. ரேடியேட்டர் ஃபேனை ஓட வைக்கும் தெர்மோ சுவிட்ச் செத்துக் கிடந்ததுதான் காரணம். அதை ஒருவரும் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு தெரிந்தவர்களின் பழைய வண்டிகள் பலவற்றை உடனிருந்து பார்த்திருக்கிறேன். புதிதாகக் கை வைப்பவர்களுக்குச் சோதனைகள் தெரிந்திருக்கும், வரிசை தெரியாது. காலையில் இன்ஜினை ஒருமுறை ஓட விட்டால் ஆயிலுக்கு அடியில் தங்கிய தண்ணீர் கலந்துவிடும். அளக்காமல் தண்ணீர் ஊற்றினால் எவ்வளவு குறைந்தது என்ற கணக்கு போய்விடும். அதனால்தான் இங்கே வரிசையை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

கார்புரேட்டர் மாருதி 800-ஐ மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். 796 சி.சி., மூன்று சிலிண்டர், அலுமினிய ஹெட், ரேடியேட்டரின் மேலேயே மூடி. இதே அமைப்புள்ள மற்ற பழைய பெட்ரோல் கார்களுக்கும் பெரும்பாலும் இதே வரிசைதான். ஒரு மாலையும் மறுநாள் காலையும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

1. கசிவுக்கு ஐந்து வழிகள்

கேஸ்கட் மூன்றைப் பிரித்து வைக்கிறது: சிலிண்டருக்குள் எரியும் வாயு, சுற்றி ஓடும் தண்ணீர், மேலே ஏறி இறங்கும் ஆயில். எந்த இடத்தில் விட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும்.

எரிந்த வாயு தண்ணீருக்குள் போகலாம். தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கலாம். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவே விட்டுப் போகலாம். தண்ணீரும் ஆயிலும் கலக்கலாம். அல்லது ஹெட்டும் பிளாக்கும் சேரும் விளிம்பில் வெளியே கசியலாம்.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. எந்த ஒரு சோதனையும் ஐந்தையும் பிடிக்காது. "ஆயில் சுத்தமாக இருக்கிறது, அதனால் கேஸ்கட் நல்லா இருக்கு" என்று முடிவு கட்டுபவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன ஐந்தில் நான்கு வழிகளில் ஆயில் சுத்தமாகவே இருக்கும்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்பேனர் செட், ப்ளக் ஸ்பேனர், டார்ச், பழைய அட்டைப்பெட்டி ஒன்று, ஒரு லிட்டர் அளவுக் குவளை, ஆயில் பிடிக்க ஒரு தட்டு, வண்டிக்குத் தேவையான கூலன்ட், ஒரு நோட்டு. இவை இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

கம்ப்ரஷன் கேஜும் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கருவி) ரேடியேட்டர் பிரஷர் டெஸ்டரும் தெரிந்த மெக்கானிக்கிடம் ஒரு நாளுக்குக் கேட்டு வாங்கலாம். தண்ணீரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று நிறம் மாறிக் காட்டும் நீலத் திரவச் சோதனை செட் கிடைத்தால் இன்னும் நல்லது.

வண்டியில் வெறும் தண்ணீர் மட்டும் ஓடுகிறது என்றால், சோதனைக்கு முன் பச்சை நிறக் கூலன்ட் கலந்து ஊற்றுங்கள். நிறமில்லாத தண்ணீர் காய்ந்தால் தடம் தெரியாது. கூலன்ட் காய்ந்தால் பச்சைத் தழும்பு நிற்கும். ஒரு எச்சரிக்கை: கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். தட்டில் பிடித்ததைத் தெருவில் ஊற்றாதீர்கள். நாயோ மாடோ நக்கினால் செத்துப் போகும்.

3. முதல் நாள் மாலை: வெளிக் காரணங்களைக் கழித்துவிடுங்கள்

மற்ற எல்லாக் காரணங்களையும் கழித்த பிறகுதான் கேஸ்கட்டுக்கு வர வேண்டும். இவற்றில் பல, இன்ஜின் சூடாக இருந்தால்தான் தெரியும். அதனால்தான் முதல் நாளே முடிக்கச் சொல்கிறேன்.

ஃபேன்: இன்ஜினை ஐடிலில் விட்டு முள் நடுவைத் தாண்டும் வரை காத்திருங்கள். ஃபேன் ஓடவில்லையா? இன்ஜினை நிறுத்தி, தெர்மோ சுவிட்ச் ஒயரைக் கழற்றி நேரடியாக இணைத்துப் பாருங்கள். சாவி போட்டதும் ஃபேன் ஓடினால் சுவிட்ச்தான் குற்றவாளி. ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று தேடுங்கள். கம்ப்யூட்டர் வைத்த எம்.பி.எஃப்.ஐ. மாடல்களில் ஃபேன் இணைப்பு வேறு மாதிரி. அதில் ஒயரை இப்படி இணைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு): குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததிலிருந்து மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டே இருங்கள். முதலில் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். முள் மேலே போன பிறகும் ஹோஸ் சூடாகாவிட்டால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை.

ரேடியேட்டர் மூடி: உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் வெடித்திருந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். 0.9 கிலோ அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரை 100 டிகிரியில் கொதிக்க விடாமல் 118 டிகிரி வரை பிடித்து வைக்கிறது. மூடி தளர்ந்தால் நல்ல இன்ஜினும் கொதித்துத் தள்ளும். "கேஸ்கட்" என்று கொண்டுவந்த வண்டி மூடி மாற்றியதோடு சரியானதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் அடிப்பக்கம், வாட்டர் பம்புக்குக் கீழே இருக்கும் சின்ன ஓட்டை. அந்த ஓட்டையில் ஈரமோ பச்சைத் தழும்போ இருந்தால் பம்ப் சீல் போயிருக்கிறது. ஹீட்டர் உள்ள வண்டி என்றால் முன் இருக்கையில் கால் வைக்கும் இடத்தில் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். தரை பிசுபிசுப்பாக இருந்தால் ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் சுடு தண்ணீர் ஓடும் பகுதி) கசிகிறது.

ஏர் லாக்: புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது இதில்தான். சமீபத்தில் தண்ணீர் மாற்றியிருந்தால் உள்ளே காற்று மாட்டிக்கொண்டு, குமிழி விடும், ஹீட்டும் ஏறும். அப்படியே கேஸ்கட் போனது போலத் தெரியும். இன்ஜின் ஆறியதும் வண்டியின் முன்பக்கம் மேடாக இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் குமிழை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் உள்ளே இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். மாட்டிய காற்று கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். கேஸ்கட் வழியாக வருவது தீராது.

கடைசியாக, வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஆற விடுங்கள். முழுவதும் ஆறிய பிறகு ரேடியேட்டரைக் கழுத்து வரையும் ஓவர்ஃப்ளோ பாட்டிலை மேல் கோடு வரையும் நிரப்புங்கள். பாட்டிலில் பேனாவால் ஒரு கோடு போட்டு, இன்ஜினுக்கு அடியில் அட்டைப்பெட்டியை விரித்துவிட்டுப் படுக்கப் போங்கள்.

4. மறுநாள் காலை: சாவி போடும் முன்

இந்தக் கால் மணி நேரம்தான் மொத்தத்திலும் முக்கியம். யாரும் ஸ்டார்ட் செய்துவிடாமல் சாவியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். இரவெல்லாம் ஆறிய வண்டியில் அது தளர்வாக இருக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் "புஸ்" என்று காற்று வெளியேறினால், அந்த அழுத்தம் சூட்டால் வந்ததாக இருக்க முடியாது. சிலிண்டர் வாயு உள்ளே தேங்கியிருக்கிறது என்று சந்தேகப்படலாம். நோட்டில் எழுதுங்கள்.

அடுத்து, தண்ணீர் மட்டம். குறைந்திருந்தால் குவளையால் அளந்து ஊற்றி, எத்தனை மில்லி என்று குறித்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியில் ஈரம் இருந்தால் கசிவு வெளியே. அட்டை காய்ந்திருக்க, 200, 300 மில்லி குறைந்திருந்தால் கவனம்: தண்ணீர் சிலிண்டருக்குள் நின்றுகொண்டிருக்கலாம். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் தண்ணீரை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ப்ளக்குகளைக் கழற்றாமல் சாவியைத் திருப்பவே கூடாது.

பிறகு ஆயில். டிப் ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மட்டம் கூடியிருந்தாலோ, பால் டீ நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. ஆனால் ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் மஞ்சள் களிம்பு இருந்து, டிப் ஸ்டிக் சுத்தமாக இருந்தால் பதற வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில், மழைக்காலத்தில், காற்றின் ஈரம் அங்கே படிந்து அப்படி ஆகும். நீண்ட தூரம் ஓட்டினால் மறைந்துவிடும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் ஆயிலைவிடக் கனம். இரவெல்லாம் அசையாமல் நின்ற வண்டியில், கலக்காமல் மிஞ்சிய தண்ணீர் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அடியில் தங்கும். தட்டை வைத்து ட்ரெயின் நட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். முதலில் எட்டிப் பார்க்கும் துளிகளை மட்டும் கவனியுங்கள். நல்ல வண்டியில் ஆயில் கறுப்பாக, சோம்பலாக வழியும். தண்ணீர் இருந்தால் முதல் நான்கைந்து துளிகள் தெளிவாக, வேகமாகச் சொட்டி, தட்டில் முத்து முத்தாக நிற்கும், பின்னால்தான் ஆயில் வரும். ஒருமுறை இதைப் பார்த்துவிட்டால் மறக்காது. தண்ணீர் வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்துங்கள். அந்த ஆயிலோடு ஓட்டினால் பேரிங் போய்விடும்.

5. ப்ளக்கைப் படிப்பதும் பிரஷர் டெஸ்டரும்

ஸ்டார்ட் செய்யாமலேயே மூன்று ப்ளக்குகளையும் கழற்றி, எது எந்தச் சிலிண்டர் என்று குறித்து வரிசையாக வையுங்கள். ஓடிய வண்டியின் ப்ளக் முனை பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். மூன்றில் ஒன்று மட்டும் கழுவி வைத்தது போல வெள்ளையாக இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் நீராவியாகிப் பிஸ்டனையும் ப்ளக்கையும் சுத்தம் செய்திருக்கிறது.

இப்போது ரேடியேட்டர் மூடிக்குப் பதில் பிரஷர் டெஸ்டரை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அழுத்தம் வரை பம்ப் செய்யுங்கள். 0.9 கிலோ என்றால் சுமார் 13 பி.எஸ்.ஐ. அதற்கு மேல் ஏற்றினால் பழைய ரேடியேட்டர் வெடிக்கும். 15 நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும்.

முள் இறங்கினால் டார்ச்சோடு தேடுங்கள். ஹெட்டும் பிளாக்கும் சேரும் விளிம்பைச் சுற்றிலும், முக்கியமாக மேனிஃபோல்டுக்கு (ஹெட்டின் பக்கத்தில் மாட்டியிருக்கும் காற்று, புகைக் குழாய்த் தொகுப்பு) அடியில் கண்ணுக்கு மறைந்த பக்கத்திலும். வெளியே எங்கும் ஈரமில்லையா? இக்னிஷன் காயில் (ப்ளக்குகளுக்கு மின்சாரம் தருவது) ஒயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு (இன்ஜினின் உலோகத்தில் தொட வைத்துவிட்டு), ப்ளக் துளைகளுக்கு நேரே முகத்தை வைக்காமல், சாவியைத் திருப்பி இரண்டு விநாடி சுழற்றுங்கள். ஒரு துளையிலிருந்து தண்ணீர் தெறித்தால் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு சந்தேகம் மிச்சம் உண்டு. சில கார்புரேட்டர் இன்ஜின்களில் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளும் தண்ணீர் ஓடும். மேனிஃபோல்டு பேக்கிங் விட்டாலும் சிலிண்டருக்குள் தண்ணீர் வரும். அப்படிப்பட்ட இன்ஜின் என்றால் ஹெட்டுக்குப் போகும் முன் அந்தப் பேக்கிங்கைச் சோதியுங்கள். அது மலிவான வேலை.

6. குமிழிச் சோதனை

காசு செலவில்லாத, எனக்கு மிகவும் பிடித்த சோதனை. ப்ளக்குகளையும் காயில் ஒயரையும் திரும்ப மாட்டுங்கள். வாட்டர் பம்பை ஓட்டும் வி-பெல்ட்டைக் கழற்றிவிடுங்கள். பம்ப் சுழன்றால் தண்ணீர் கலங்கி, எது குமிழி எது அலை என்று தெரியாது. சில இன்ஜின்களில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டிலேயே ஓடும். அவற்றில் எந்தப் பெல்ட்டையும் கழற்றாமல், கலங்கலைப் பொறுத்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டர் கழுத்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் ஓடாததால் ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட விடக்கூடாது. ஹெட்டிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

தண்ணீரின் மேற்பரப்பையே பாருங்கள். நல்ல இன்ஜினில் லேசாக அதிரும், ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுபோகும். கேஸ்கட் விட்டிருந்தால் சோடா பாட்டிலைத் திறந்தது போலச் சிறு குமிழிகள் நிற்காமல் வரும். ஆக்ஸிலரேட்டரை லேசாகக் கொடுத்தால் கூடும். மோசமான வண்டியில் தண்ணீர் கழுத்திலிருந்து எகிறிக் கொட்டும். இன்ஜின் இன்னும் ஆறியே இருக்கிறது, கொதிப்பதற்கு வாய்ப்பே இல்லை. அதனால்தான் இந்தக் குமிழிக்கு மதிப்பு. சூடான வண்டியில் இதைச் செய்து காட்டுபவர்களை நம்பாதீர்கள்.

எந்தச் சிலிண்டர் என்று அறிய, ஒவ்வொரு ப்ளக் ஒயராகக் கழற்றி எர்த் செய்து, இடையில் ஆற விட்டு, திரும்பப் பாருங்கள். ஒயர் கழற்றியதும் குமிழி வெகுவாகக் குறைந்தால் அந்தச் சிலிண்டர்தான். முடிந்ததும் பெல்ட்டை மாட்ட மறக்காதீர்கள்.

7. புகையும் நீலத் திரவமும்

இப்போது மூடியைப் போட்டு இன்ஜினைச் சூடேற விடலாம். காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகையும் சொட்டுத் தண்ணீரும் வருவது சகஜம். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நின்று, இனிப்பான வாடை அடித்தால் கூலன்ட் எரிகிறது. நீலப் புகை என்றால் ஆயில், கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். அவை இரண்டும் வேறு வேலை.

நீலத் திரவச் சோதனைக்கு, இன்ஜினை ஆற விட்டு மூடியைத் திறந்து ரேடியேட்டர் தண்ணீரை இரண்டு அங்குலம் இறக்கிவிடுங்கள். தண்ணீர் குழாய்க்குள் உறிஞ்சப்பட்டால் திரவம் கெட்டுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்து, கழுத்தில் குழாயை வைத்து ரப்பர் பல்பை இரண்டு நிமிடம் அமுக்கி, கழுத்திலுள்ள காற்றைத் திரவத்தின் வழியே இழுங்கள். எரிந்த வாயுவின் கார்பன் டை ஆக்சைடு பட்டால், பெட்ரோல் வண்டியில் நீலம் மஞ்சளாகும். திரவம் பழசோ என்று சந்தேகம் வந்தால், தனியாகக் கொஞ்சம் எடுத்து சைலன்சர் புகையை அதில் இழுத்துப் பாருங்கள். அப்போதும் மாறாவிட்டால் திரவத்தைக் குப்பையில் போடுங்கள்.

8. கம்ப்ரஷன்

இன்ஜின் சூடாக, பேட்டரி முழுதாக இருக்க வேண்டும். மூன்று ப்ளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எர்த் செய்து, ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதித்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஐந்தாறு சுற்றுச் சுழற்றுங்கள். மிதிக்காமல் எடுத்தால் காற்றுப் போதாமல் எல்லாமே குறைவாகக் காட்டும்.

தனி எண்ணைவிட, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசம்தான் பேசும். 165, 160, 160 பி.எஸ்.ஐ. என்றால் நல்லது. 165, 105, 100 என்றால் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கேஸ்கட் வெந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் ஒன்றாக விழுவதுதான் அடையாளம். இப்படிப்பட்ட வண்டி தண்ணீரே குடிக்காமல், மிஸ்ஸிங் மட்டும் (சிலிண்டர் சரியாக எரியாமல் விட்டு விட்டு ஓடுவது) அடித்துக்கொண்டிருக்கும்.

ஒன்றே ஒன்று குறைவா? அந்தச் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வோ கேஸ்கட்டோ. கம்ப்ரஸர் இருந்தால், அந்தப் பிஸ்டனைக் கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, ப்ளக் துளை வழியே காற்றைச் செலுத்தினால் விடை கிடைக்கும். ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கட் அல்லது ஹெட் விரிசல். சைலன்சரிலோ கார்புரேட்டரிலோ "உஸ்" என்றால் வால்வு. காற்று இன்ஜினைச் சுழற்றிவிடும், அதனால் கையை பெல்ட் பக்கம் வைக்காதீர்கள்.

கம்ப்ரஷன் சரியாக இருக்கிறது என்பதற்காகக் கேஸ்கட்டை விடுதலை செய்துவிடாதீர்கள். முடி அளவு கசிவு குமிழியில் தெரியும், கேஜில் தெரியாது.

9. ஹெட்டை இறக்கலாமா?

என் வழக்கம் இது: ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு சோதனைகளாவது ஒரே இடத்தைக் காட்ட வேண்டும். குமிழியும் நீலத் திரவமும் சேர்ந்தால் போதும். வெள்ளைப் ப்ளக்கும், அதே துளையில் தெறித்த தண்ணீரும் சேர்ந்தால் போதும். வெறும் புகையை மட்டும் வைத்தோ, ஹீட் ஏறுவதை மட்டும் வைத்தோ இறக்க வேண்டாம்.

கசிவை அடைக்கும் பவுடரை ரேடியேட்டரில் கொட்டுவது பலரும் செய்யும் தவறு. அது கேஸ்கட்டை அடைக்கிறதோ இல்லையோ, பழைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்தச் சோதனையும் நம்பும்படி இருக்காது.

10. கழற்றிய பிறகும் ஒரு சோதனை

மேலே சொன்ன எதுவும், போனது கேஸ்கட்டா, ஹெட்டில் விரிசலா என்று பிரித்துச் சொல்லாது. அதனால் ஹெட்டை இறக்கும்போது இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், போல்டுகளை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினியம் வளையும், பிறகு அது பழைய வளைவா நீங்கள் உண்டாக்கியதா என்று தெரியாது.

ஹெட்டைச் சுத்தம் செய்து, நேரான இரும்புப் பட்டையை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) செருகிப் பாருங்கள். இவ்வளவு சின்ன ஹெட்டில் 0.05 மி.மீ. தகடு நுழைந்தாலே லேத்துக்குப் போக வேண்டியதுதான். லேத்தில் ஃபேஸிங் (பரப்பைச் சமமாகச் சீவுவது) மட்டும் சொல்லாமல், பிரஷர் வைத்து விரிசல் பார்க்கவும் சொல்லுங்கள்.

போர்வெல் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் இன்னொன்றும் பார்ப்பேன். தண்ணீர் துளைகளைச் சுற்றி அலுமினியம் அரித்து, கேஸ்கட் உட்காரும் இடமே பள்ளமாகியிருக்கும். அங்கே எத்தனை புதுக் கேஸ்கட் போட்டாலும் நிற்காது. வெல்டிங் வைத்து ஃபேஸிங் செய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு ஹெட்.

பழைய கேஸ்கட்டைத் தூக்கி எறிய விடாதீர்கள். வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிலிண்டரைச் சுற்றிய வளையத்திலிருந்து பக்கத்துத் தண்ணீர் துளைக்கோ அடுத்த சிலிண்டருக்கோ கரிய கோடு ஒன்று ஓடியிருக்கும். உங்கள் நோட்டில் எழுதிய சிலிண்டரும் அந்தக் கோடும் ஒரே இடத்தில் பொருந்தினால் புதுக் கேஸ்கட்டைப் போடலாம். பொருந்தாவிட்டால் ஹெட்டை மூட விடாதீர்கள். விரிசல் சோதனை முடிவு கைக்கு வரட்டும்.